அறுநூறு திருடர்கள்

தலைமைக் காவலர் பிரம்மசக்தி தன் நாற்பத்து நான்காவது வயதில் புள்ளியியல், திட்டவிலக்கம் என்றெல்லாம் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு பொட்டு.

நெற்றியில் வைக்கிற பொட்டு இல்லை. எள்ளில் பாதி அளவுதான் இருக்கும். பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு சட்டம் வந்தது. குடமோ குடையோ, அந்தப் பொட்டை ஒட்டாமல் எந்தச் சாமானும் கடையை விட்டு வெளியே வரக்கூடாது. பழைய சாமான்களுக்கு வீடு வீடாக வந்து ஒட்டிவிட்டுப் போனார்கள். தன் சொந்தக்காரர் யார் என்று பொட்டுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் யாராவது சாமானைத் தூக்கிக்கொண்டு இருபது அடி நடந்தால் போதும், ஊரைக் கூட்டிவிடும். "நான் வேலாயுதம் வீட்டுப் பித்தளைக் குடம்! என்னை யாரோ கொண்டுபோகிறார்கள்!" என்று அது போடுகிற கூச்சலில் திருடனுக்கே காது அடைத்துப்போகும்.

ஆரம்பத்தில் கல்யாண வீடுகளில் செருப்பு மாற்றிப் போட்டவர்கள் மானம் கெட்டார்கள். பிறகு ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். திருடர்களால்தான் பழக முடியவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் திருட்டு என்பது நின்றேபோனது.

பாளையங்கோட்டைத் திருட்டுக் குற்றப் பிரிவில் ஒன்பது பேர் இருந்தார்கள். கடைசி ஐந்து வருடத்தில் அவர்களுக்கு வந்தது ஒரே ஒரு வழக்கு. வேப்பமரத்து உச்சியிலிருந்து, "நான் சொர்ணம் வீட்டுக் கரண்டி" என்று காலையிலிருந்து சத்தம். ஒன்பது பேரும் ஜீப்பில் போய் இறங்கினார்கள். எடுத்தது காக்கா. எதிரி தலைமறைவு என்று எழுதி வழக்கை முடித்தார்கள்.

திருட்டு ஒழிந்து பத்து வருடம் ஆன பிறகுதான் திருட்டுப் பிரிவையும் ஒழிக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்தது. எட்டுப் பேரை வேறு வேறு ஊர்களுக்கு மாற்றினார்கள். பிரம்மசக்தியை மட்டும் மாவட்டக் குற்றவியல் கல்லூரிக்கு ஒரு வருடப் படிப்புக்கு அனுப்பினார்கள். 'குற்றவியலில் ஆய்வுமுறையும் தரவுப் பகுப்பாய்வும்' என்று படிப்பின் பெயரே ஒரு முழம் இருந்தது.

வகுப்பில் மற்ற பதின்மூன்று பேரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பிள்ளைகள். யூனிபாரம் வேண்டாம் என்று சொல்லியிருந்தும், முதல் நாள் பிரம்மசக்தி உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எதையும் செய்யாமலே, "சாரி மேடம்" என்றான்.

பேராசிரியர் ஞானசிகாமணி நல்ல மனிதர். ஒல்லியானவர், எதையாவது யோசித்துக்கொண்டே நடப்பார். பாடம் நடத்தும்போது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். சராசரியையும் இடைநிலையையும் பிரம்மசக்தி எப்படியோ பிடித்துக்கொண்டாள். திட்டவிலக்கத்தில்தான் வண்டி நின்றது.

"ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசப்படுறாங்கங்கிறதோட அளவு, அவ்வளவுதான்மா" என்றார் பேராசிரியர்.

"எல்லாரும் ஒரே மாதிரி இருந்தா சார்?"

"பூஜ்யம். ஆனா மனுசக் கூட்டத்துல பூஜ்யம் வராது. வந்தா கணக்கு தப்புன்னு அர்த்தம்."

"எங்க ஸ்டேஷன்ல வந்தா, சாட்சி தப்புன்னு அர்த்தம் சார்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். இரண்டு மாதம் கழித்து அந்தச் சிரிப்பு அவர் ஞாபகத்துக்கு வந்ததா என்று தெரியாது.

அந்தக் கல்லூரியின் பெருமையே அறுநூறு திருடர்கள்தான். பொட்டு வந்த மறு வருடத்திலிருந்து, வருடத்துக்கு நாற்பது பழைய திருடர்களாகப் பதினைந்து வருடம் மாணவர்கள் பேட்டி எடுத்துச் சேர்த்த தரவு அது. சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள், என்ன செய்தீர்கள், என்ன பிடிக்கும் என்று கேட்டு வாங்கிய பதில்கள். அவற்றை ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுத்து இருபது கேள்விகளாகப் பிழிந்து எடுத்திருந்தார் பேராசிரியர். அதற்கு 'ஞானசிகாமணி அளவுகோல்' என்று பெயர். இப்போது மாவட்டத்தின் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த அளவுகோலால் அளந்தார்கள். இருபதுக்குப் பன்னிரண்டுக்கு மேல் வாங்கிய பிள்ளை கவனிப்புப் பட்டியலில் சேரும்.

"திருட்டுதான் ஒழிஞ்சிருச்சே சார், அப்புறம் எதுக்குப் பட்டியல்?" என்று பிரம்மசக்தி ஒரு தடவை கேட்டாள்.

"திருட்டு ஒழிஞ்சதும்மா. திருட்டுக் குணம் எங்க போகும்? அது வேற எதுலயாவது வெளிப்படும் இல்லையா? முன்கூட்டியே கண்டுபிடிச்சா பிள்ளைகளைத் திருத்திரலாம்."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதற்கடுத்த திங்கட்கிழமை மகள் முல்லை கழுத்தில் மஞ்சள் அட்டையோடு வீட்டுக்கு வரும் வரைக்கும்.

நன்முல்லை என்பது முழுப் பெயர். பதினோரு வயது. அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் இந்தப் பிள்ளையின் கேள்விகளுக்குப் பிரம்மசக்தி ஒருத்திதான் பதில் சொல்ல வேண்டும். மழைக்கு முன்னால் எறும்புக்கு யார் சொன்னது, கொட்டாவி ஏன் தொற்றுகிறது, குழாய்க்குள் தண்ணீரை யார் நிறுத்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் குழாயையே கழற்றிப் பார்த்ததில் வீடு குளமானது. பென்சிலைக் கடிக்கும், சாப்பிடும்போது படிக்கும், படியேறும்போது எண்ணும்.

அளவுகோலில் முல்லை இருபதுக்குப் பதினாறு வாங்கியிருந்தாள். மஞ்சள் அட்டை கவனிப்புப் பட்டியலின் அடையாளம். ஆய்வுக்கூடத்துக்குள் இனி விட மாட்டார்கள், அங்கே கருவிகள் இருக்கின்றன. அந்த நேரத்தில் நல்லொழுக்க வகுப்பில் கைகட்டி உட்கார வேண்டும்.

ஆரம்பத்தில் பிரம்மசக்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரத்துக்கப்புறம்தான் வீடு அமைதியாகிவிட்டது அவளுக்கு உறைத்தது. எறும்பு இல்லை, கொட்டாவி இல்லை, ஒரு கேள்வியும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு கிடந்தது.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? பாத்து ஏற மாட்டியா?"

"கண்ணை மூடிக்கிட்டுதாம்மா ஏறுனேன்."

"எதுக்குட்டி?"

"கண்ணைத் திறந்தா எண்ணிருவேன்."

பிரம்மசக்தி மருந்து போட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவள் எத்தனையோ பேரைப் பயமுறுத்தி உண்மையை வாங்கியிருக்கிறாள். ஒரு பிள்ளையைப் பயமுறுத்தி எண்களை மறக்கவைத்ததில்லை.

மறுநாள் அவள் பேராசிரியர் அறையில் போய் நின்றாள். "சார், படி எண்ணுனா திருட்டுக் குணம்னு எப்படிச் சொல்லுதிய?"

"நான் சொல்லலம்மா. தரவு சொல்லுது. அறுநூறு பேர்ல நானூத்துப் பத்துப் பேர் சின்ன வயசுல படி எண்ணியிருக்காங்க."

"என் வீட்டுக்காரரும் எண்ணுவாரு சார். அவரு தூக்குறது கண்டெய்னர் மட்டுந்தான். அதுவும் ரசீது போட்டு."

"ஒரு ஆளை வெச்சு முடிவு பண்ணக்கூடாது. இது அறுநூறு பேர்." பேராசிரியர் கனிவாகத்தான் சொன்னார். "வேணும்னா அந்தத் தரவையே உங்க பயிற்சி ஆய்வுக்கு எடுத்துக்கோங்க. நீங்களே போட்டுப் பாருங்க."

அவளுக்குத் தெரிந்த ஆய்வுமுறை ஒன்றுதான். ஆறு பேரைப் பிடித்துக் கொண்டுவந்தால், ஆறு பேரையும் ஒன்றாக வைத்து விசாரிக்கக்கூடாது. ஒன்றாக இருந்தால் ஒரே கதை சொல்வார்கள், கதையும் கோவையாக இருக்கும். தனித்தனி அறையில் போட வேண்டும். அப்போதுதான் கதையில் ஓட்டை விழும்.

அறுநூறு திருடர்களையும் அவள் அப்படியே பிரித்தாள். பதினைந்து வருடத்துக்குப் பதினைந்து அறை, அறைக்கு நாற்பது பேர். ஆய்வு நெறி என்று சொல்லிப் பெயர், ஊர் எல்லாவற்றையும் மறைத்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் எண்ணும் வயதும்தான் மிச்சம். சரி, வயதிலிருந்தே ஆரம்பிப்போம் என்று முதல் வருடத்து நாற்பது பேருக்குத் திட்டவிலக்கம் போட்டாள்.

பூஜ்யம் வந்தது.

கை தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி போட்டாள். பூஜ்யம். அடுத்த வருடத்துக்குப் போட்டாள். அதுவும் பூஜ்யம். பதினைந்து அறையிலும் பூஜ்யம். பிறகுதான் கணக்கை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தாள். முதல் வருடத்து நாற்பது திருடர்களுக்கும் வயது ஐம்பத்தொன்று. அடுத்த வருடத்து நாற்பது பேருக்கும் ஐம்பத்திரண்டு. அதற்கடுத்த வருடம் ஐம்பத்து மூன்று. இப்படியே போய், போன வருடத்து நாற்பது பேருக்கும் அறுபத்தைந்து.

பேராசிரியர் அறுநூறையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டிருந்தார். மூட்டைக்குச் சராசரி வயது ஐம்பத்தெட்டு, திட்டவிலக்கம் நான்கே சொச்சம். பார்க்க அழகாக இருந்தது. மூட்டையை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவள் தாளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள். பேராசிரியர் ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"கணக்கு தப்பா இருக்கும்மா."

"மூணு தடவை போட்டேன் சார்."

"ஒரே வயசுக்காரங்க ஒரே சமயத்துல திருட்டுக்கு வந்திருக்கலாம். ஒரு தலைமுறைப் போக்கு..."

"வருசத்துக்கு நாப்பதுன்னு, அறுநூறு பேரும் ஒரே வருசத்துலயா பொறந்தாங்க சார்? அப்படின்னா அது பெரிய பிரசவ ஆஸ்பத்திரியாத்தான் இருக்கணும்."

பேராசிரியர் டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

முந்தின வருடம் அங்கே படித்த பெண் ஒருத்தி இப்போது கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். பிரம்மசக்தி அவளுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து, எதிரே உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நிமிடம்தான் தாங்கியது.

"மேடம், நான் மட்டுந்தான் மேடம் அப்படிச் செஞ்சேன்" என்று அந்தப் பெண் அழுதாள். "நாலு திருடனைக் கண்டுபிடின்னாங்க. நான் எங்க மேடம் போவேன்? பழைய திருடங்கெல்லாம் கௌரவமாயிட்டாங்க. ஒருத்தரு கல்யாண மண்டபமே கட்டிட்டாரு. பேட்டின்னு கேட்டா வக்கீல்ட்ட பேசுன்னு சொல்லுதாரு. கடைசியில ஒரே ஆளு கிடைச்சாரு. அவரையே நாலா எழுதிட்டேன். மத்தவங்கெல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சிருப்பாங்க. வெளிய சொல்லிராதீங்க மேடம்."

பிரம்மசக்தி பழைய மாணவர்களில் இன்னும் பதினோரு பேரைத் தொலைபேசியில் பிடித்தாள். ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் துணை ஆட்சியர். பதினோரு பேரும் முதலில் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் மட்டுந்தான் மேடம்."

அவர்கள் எல்லாரும் கைகாட்டிய ஆளின் பெயர் புன்னைவனம். அறுபத்தாறு வயது. ஒரு கோயில் வாசலில் செருப்புப் பாதுகாக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். பொட்டு வந்தபிறகு செருப்பைப் பாதுகாக்க ஆள் தேவையில்லை. ஆனால் அந்த வேலையை நீக்கும் உத்தரவு இன்னும் வந்து சேராததால் அவர் இருந்தார். அலமாரி முழுக்கக் காலி. பக்கத்தில் ஒரு பெரியவர் அவசரத்தில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு நடக்க, "நான் தில்லைநாயகம் செருப்பு!" என்று அது அலற, புன்னைவனம் இருந்த இடத்திலிருந்தே, "அண்ணாச்சி, உங்களது இடது பக்கம் மூணாவது" என்றார். சாமர்த்தியசாலிதான்.

"வாங்க ஏட்டம்மா" என்றார் பிரம்மசக்தியைப் பார்த்ததும். அவள் சேலையில்தான் போயிருந்தாள். "இந்த வருசம் போலீஸையே பேட்டிக்கு அனுப்பிட்டாவளா? கேளுங்க. எத்தனை பேரு வேணும்?"

"ஒரு ஆளு போதும். அறுநூறு பேரும் நீருதானா?"

அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "அறுநூறு ஆயிட்டா? நான் எண்ணல. பிள்ளைய வரும், நாலு பேரு வேணும்னு கண்ணைக் கசக்கும். ஒரு பேட்டி முடிஞ்சா, சட்டையை மாத்திட்டு மறுபடி வந்து உக்காருவேன். அதுகளுக்கும் மனசாட்சி உண்டுல்லா, வேற சட்டையப் பாத்தா எழுதக் கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"வயசை ஏன் மாத்தல?"

"பேரை மாத்தலாம், ஊரை மாத்தலாம். வயசை மாத்துனா எனக்கே கொழம்பிரும் ஏட்டம்மா."

"அந்தப் படி எண்ணுறது? பென்சில் கடிக்கிறது? சாப்பிடையில படிக்கிறது?"

புன்னைவனம் முதல் தடவையாகக் கொஞ்சம் வெட்கப்பட்டார். "மொத வருசம் உண்மையத்தான் சொன்னேன். சின்ன வயசுல எப்படி இருந்தீங்கன்னாவ. எல்லாப் பயலும் மாதிரித்தான்னேன். கேட்ட சாருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. 'அப்படி எழுதக் கட்டம் இல்லியே'ன்னாரு. பாவமா இருந்துச்சு. அவரு வரையில கோயில் படிய எண்ணிக்கிட்டே ஏறுனாரு, உதடு அசைஞ்சதப் பாத்தேன். அதனால, 'நான் சின்னதுல படியெல்லாம் எண்ணுவேன் சார்'னேன். அவருக்கு மூஞ்சி மலந்துச்சு பாருங்க! அன்னைக்கித் தெரிஞ்சுக்கிட்டேன். எதிர்ல உக்காந்திருக்கிற ஆளு எப்படியோ, அப்படியே சொல்லணும். பேனாவக் கடிக்கிற பிள்ளன்னா, நானும் பென்சில் கடிப்பேம்பேன். கேள்வியாக் கேட்டுத் துளைக்கிற பிள்ளன்னா, என்னையும் எங்க வாத்தியாரு கேள்வி கேட்டதுக்கு அடிச்சாருன்னுவேன். டக்குன்னு எழுதிக்கிடும். ஏன்னா அதுக்குத்தான் தெரியுமே, அப்படி ஒரு பிள்ள இருக்கும்னு."

பதினைந்து வருடமாகக் கணினி திருடர்களைப் பற்றி எதுவுமே கற்றுக்கொள்ளவில்லை. அது கற்றுக்கொண்டதெல்லாம் பேட்டி எடுக்க வந்தவர்களைத்தான்.

"மஞ்சள் அட்டைன்னு கேள்விப்பட்டிருக்கீரா?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைய கழுத்துல பாத்திருக்கேன். விளையாட்டுக்குத் தேர்வான பிள்ளைகன்னு நெனச்சேன்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். மாவட்டத்தில் ஆயிரத்து அறுநூறு பிள்ளைகள். முழங்காலில் மருந்து போட்ட ஒரு பிள்ளை. புன்னைவனம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எங்க வரணும், சொல்லுங்க" என்றார்.

மறு மாதம் அளவுகோலை மாநிலம் முழுக்க விரிவாக்குவது பற்றிக் கல்லூரியில் கூட்டம். சென்னையிலிருந்து இணைச் செயலாளர் கார்குழலி வந்திருந்தார். மாவட்டக் கல்வி அலுவலரும் மற்ற ஆறு அதிகாரிகளும் இருந்தார்கள். ஆசிரியர் மாணவர் என்று கல்லூரிக்காரர்கள் பதினேழு பேர். கடைசி நாற்காலியில் சலவைச் சட்டையோடு புன்னைவனம்.

பயிற்சி மாணவர்கள் சார்பில் பேச பிரம்மசக்தியைக் கூப்பிட்டார்கள். அவள் பேசவில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். ஞானசிகாமணி அளவுகோல், இருபது கேள்வி. "உங்க சின்ன வயசை நெனச்சு உண்மையா நிரப்புங்க. பத்தே நிமிசம்" என்றாள். காவல் துறையில் பழகிய குரல் அது. இணைச் செயலாளரே பேனாவை எடுத்துவிட்டார்.

அவள் தாள்களை வாங்கி வரிசையாகப் படித்தாள். கல்லூரிக்காரர்களில் பதினாறு பேர் பன்னிரண்டுக்கு மேல். அதிகாரிகளில் ஐந்து பேர் பன்னிரண்டுக்கு மேல். இணைச் செயலாளர் பதினான்கு. மாவட்டக் கல்வி அலுவலர் இரண்டு. அவர் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த அறையில கோர்ட்டு தண்டிச்ச திருடர் ஒருத்தர் இருக்காரு" என்றாள் பிரம்மசக்தி. "அவரு வாங்குனது ஒண்ணு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புன்னைவனம் எழுந்து எல்லாத் திசைக்கும் கும்பிட்டார்.

அதன்பிறகு அவள் வருட வாரியான அட்டவணையைச் சுவரில் காட்டினாள். பதினைந்து பூஜ்யம். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கடைசியாக ஒரு தாள் அவள் கையில் மிச்சம் இருந்தது. அதில் மதிப்பெண் பத்தொன்பது. யாருடையது என்று அவள் சொல்லவில்லை.

"அது என்னுடையது" என்று பேராசிரியர் எழுந்தார்.

"சார், வேணும்னா நிதானமா இன்னொரு தடவை நிரப்புங்களேன்" என்றார் கல்வி அலுவலர் தணிந்த குரலில்.

"இல்லை. சரியாத்தான் நிரப்பியிருக்கேன். படி எண்ணுவேன். இந்த மாடிக்கு நாப்பத்திரண்டு. எங்கப்பா அடிச்சுப் பாத்தார், நிக்கல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் பேட்டி எடுத்தது நான்தான். எனக்கும் அன்னைக்கு ஒரு ஆள்தான் கிடைச்சார். நான் மட்டுந்தான் அப்படிச் செஞ்சேன்னு நினைச்சிட்டு இருந்தேன். மத்தவங்க தரவாவது சுத்தமா இருக்கும்னு..." முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

புன்னைவனம்தான் எழுந்து போய் அவர் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்தார்.

அளவுகோலை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று பிரம்மசக்தி நினைத்தாள். அரசாங்கத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தும் அவளுக்கு அந்த அளவு வெகுளித்தனம் மிச்சம் இருந்தது.

"பட்டியலை ரத்து செய்ய விதியில வழியில்ல" என்றார் கார்குழலி, மதிய சாப்பாட்டுக்குப் பிறகு. "கணினி வாங்கியாச்சு, ஆள் போட்டாச்சு. ஆனா தலைப்பை மாத்த வழி இருக்கு. நீங்க சொல்றதப் பாத்தா, இந்தக் கணினிக்கு ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்களைக் கண்டுபிடிக்கத் தெரியுது. அதுவும் ரொம்ப நல்லாவே. அப்படித்தானே?"

"அப்படியும் சொல்லலாம் மேடம். ஆனா..."

"அப்போ 'இளம் ஆய்வாளர் பட்டியல்'னு வெச்சிரலாம். மஞ்சள் அட்டைக்குப் பதிலா பச்சை."

ஒரே ஆளுக்குத்தான் அது பிடிக்கவில்லை. இரண்டு மதிப்பெண் வாங்கிய கல்வி அலுவலரின் முகம் சுருங்கிப்போனது.

ஒரு மாதத்துக்குள் அட்டைகள் மாறின. பெயர் மாறவில்லை, பிள்ளை மாறவில்லை, நிறம் மட்டும் மாறியது. நேற்று வரை கைகட்டி உட்கார்ந்த ஆயிரத்து அறுநூறு பிள்ளைகளை இப்போது விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். பட்டியலில் இல்லாத பிள்ளைகளின் பெற்றோர் பள்ளி வாசலில் மறியல் செய்தார்கள். சில அம்மாக்கள் பிள்ளைகளைப் பென்சில் கடிக்கச் சொல்லி அடித்தார்கள். மாடியில்லாத வீட்டுக்காரர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் படி எண்ணப் போனார்கள். இந்த இருபது கேள்விக்கும் விதை போட்ட ஆள் கோயில் வாசலில் இருக்கிறார் என்பது எப்படியோ வெளியே கசிந்து, புன்னைவனத்திடம் பயிற்சிக்குக் கூட்டம் கூடியது. அவர் தன் வேலையை நீக்கும் உத்தரவைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

முல்லை பச்சை அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை.

"சந்தோசந்தானட்டி?" என்றாள் பிரம்மசக்தி.

"மஞ்சளக் குடுக்கையிலயும் என்கிட்ட கேக்கல. பச்சையக் குடுக்கையிலயும் கேக்கல" என்றது பிள்ளை.

படிப்பு முடிய ஒரு மாதம்தான் இருந்தது. பிரம்மசக்தியின் ஆய்வறிக்கைக்குப் புதிதாக ஒரு பேட்டியாவது வேண்டும். பேராசிரியர் இப்போது மூட்டைக் கணக்கையே விட்டிருந்தார். "ஒரு ஆள் போதும்மா. ஆனா அந்த ஆளை முழுசாக் கேளுங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் புன்னைவனம் வீட்டுக்குப் போனாள். முல்லையும் கூட வருவேன் என்றது. எதற்கென்று சொல்லவில்லை. தன் கழுத்தில் அட்டை விழக் காரணமான ஆளைப் பார்க்க வேண்டும் என்று இருந்திருக்கும். புன்னைவனம் பிள்ளையைக் கண்டதும் எழுந்து நின்று, "தாத்தாவ மன்னிச்சிரு தாயி" என்றார். முல்லை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர் கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டது.

பிரம்மசக்தி தாளை விரித்தாள். பிறந்த ஊர், படித்த வகுப்பு என்று ஆரம்பித்து இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது, முல்லை முறுக்கை வாயிலிருந்து எடுத்தது.

"தாத்தா, நீங்க ஏன் திருடுனீங்க?"

பிரம்மசக்தி தன் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அந்தக் கேள்வி அதில் இல்லை. பதினைந்து வருடத்தில் எந்தத் தாளிலும் இருந்ததில்லை.

"மொதல்ல என்ன திருடுனேன்னு கேளு" என்றார் புன்னைவனம். "ஒரு சுவர்க் கடிகாரம். என் வாழ்நாள்ல மொத்தம் ஒண்ணரைத் திருட்டு. அவ்வளவுதான்."

"அதென்ன ஒண்ணரை?"

"எனக்கு அப்போ இருபத்தாறு வயசு. ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற வேலை. முதலாளி தெனமும் சாயங்காலம் யாரும் பாக்காத நேரத்துல கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால தள்ளி வெச்சிருவாரு. அஞ்சரைக்கு அஞ்சுன்னு காட்டும். அறுபது பேரும் அரை மணி கூட வேலை பாத்துட்டுத்தான் போவோம். செல்போனெல்லாம் வாசல்லயே வாங்கி வெச்சிருவாவ. ஒரு நாளு பொறுக்க மாட்டாம, கடிகாரத்தை வேட்டிக்குள்ள வெச்சிக் கொண்டுவந்துட்டேன். அது ஒண்ணு."

"அரை?"

"கடிகாரம் இல்லன்னதும் முதலாளிக்கு வசதியாப் போச்சு. அவரு போங்கன்னு சொல்லுற வரைக்கும் வேலை. ஒரு மணி, ஒண்ணரை மணின்னு ஏறிட்டே போச்சு. கூட இருந்த பொம்பளைய எல்லாம், எந்தப் பாவி அதை எடுத்தான்னு ஏசுனாவ. மனசு கேக்கல. திருப்பி மாட்டிரலாம்னு சுவர் ஏறிக் குதிச்சேன். அதுதான் அரை. அந்த அரையிலதான் மாட்டுனேன். மூணு மாசம் உள்ள."

பிரம்மசக்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுதினாள். முல்லை சிரிக்கவில்லை. அதன் உதடு அசைந்தது, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்தன.

"அறுபது பேரு. ஆளுக்கு அரை மணின்னா ஒரு நாளைக்கு முப்பது மணி நேரம்" என்றது. "ஒரு நாளைக்கே இருபத்து நாலு மணிதான். அந்த முதலாளி ஒரு நாளை விட அதிகமா எடுத்திருக்காரு. தெனமும்."

"ஆமா தாயி."

"அதுக்கு யாரு கேஸ் போட்டாங்க?"

புன்னைவனம் பிரம்மசக்தியைப் பார்த்தார். பாளையங்கோட்டைத் திருட்டுக் குற்றப் பிரிவின் கடைசித் தலைமைக் காவலர், கையில் பேனாவோடு, தாளில் அந்தப் பதிலை எழுதக் கட்டம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"நாப்பது வருசமாச்சு" என்றார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "இதை எங்க வக்கீலு கூடக் கேக்கல தாயி."